விண்டோஸ் 10க்குப் பிறகு: ஓடும் கணினியைத் தூக்கிப் போடத்தான் வேண்டுமா?

ஜொகூர் பாரு – விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. வீட்டில் பிள்ளைகள் பாடம் செய்யும் கணினி, கடையில் கணக்கு எழுதும் கணினி, ஆலய அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டு அடிக்கும் கணினி என்று நம்மிடையே இன்னும் பல அதில்தான் ஓடுகின்றன. அவை பழுதாகவில்லை. ஆனால் "விண்டோஸ் 11க்கு மாறுங்கள்" என்று திரையில் அறிவிப்பு வருகிறது. சரி, மாறலாம் என்று போனால், "இந்தக் கணினிக்குத் தகுதியில்லை" என்று பதில் வருகிறது.

புதிய மடிக்கணினி வாங்க ஆயிரம், இரண்டாயிரம் ரிங்கிட்டை எடுத்து வைக்கும் நிலையில் எல்லாக் குடும்பங்களும் இல்லை. ஆகவே இது கணினி படித்தவர்களின் பிரச்சினை மட்டுமல்ல.

எரிச்சல் எங்கே தொடங்கியது?

விண்டோஸ் 11 வெளிவந்தது 2021 அக்டோபர் 5ஆம் தேதி. அன்றிலிருந்தே பயனர்களிடம் முணுமுணுப்பு உண்டு. இடப்பக்க மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்தது. திரையின் அடியில் இருக்கும் பணிப்பட்டையை மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தும் வசதி அப்போது எடுக்கப்பட்டது. ஒரு கோப்பின் மீது வலது சொடுக்குப் போட்டால், பழகிய கட்டளைகளில் பாதி இன்னொரு பட்டியலுக்குள் மறைந்துகொண்டன. புதுக் கணினியை முதன்முறை திறக்கும்போதே இணைய இணைப்பும் மைக்ரோசாப்ட் கணக்கும் கேட்கப்படுகின்றன.

இதையெல்லாம் "பழக்க தோஷம், நாளடைவில் சரியாகிவிடும்" என்று ஒதுக்கலாம். பாதி உண்மைதான். 2012இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையே தூக்கியபோது உலகம் முழுதும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்த ஆண்டே விண்டோஸ் 8.1இல் பொத்தான் திரும்பி வந்தது. தோற்றம் பற்றிய புகாருக்கு மருந்து உண்டு என்பதற்கு அது சான்று.

இந்த முறை பூட்டு வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. விண்டோஸ் 11 ஓட டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். அந்த எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017இல்தான். ஆக, 2016இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒரு கணினி, எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. இப்படி உலகெங்கும் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கேனலிஸ் ஆய்வு நிறுவனம் 2023 இறுதியில் மதிப்பிட்டது.

பாதுகாப்புச் சில்லு தேவை என்பதற்கு மைக்ரோசாப்ட் சொல்லும் காரணம் பொய்யல்ல. கடவுச்சொற்களையும் குறியாக்கச் சாவிகளையும் அது பத்திரமாக வைக்கிறது. ஆனால் நம் மேசை மீதிருக்கும் பொருளின் ஆயுளை யார் முடிவு செய்வது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. பயனீட்டாளர்களின் உண்மையான ஆதங்கம் அங்கேதான் இருக்கிறது.

அப்படியே ஓட்டினால் என்ன?

"இத்தனை நாள் ஓடியது, இனியும் ஓடட்டுமே" என்று நினைப்பவர்கள் 2017 மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். வான்னாகிரை என்ற பிணைப்பண நச்சுநிரல் அப்போது பல நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அந்த ஓட்டையை அடைக்கும் மேம்பாடு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. அதை நிறுவாத கணினிகளும், மேம்பாடே நின்றுபோன பழைய கணினிகளும்தான் மாட்டிக்கொண்டன. வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கும் கணினியை ஒட்டு போடாமல் இணையத்தில் விடுவது, கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியூர் போவது போலத்தான்.

முன்னால் இருக்கும் வழிகள்

முதலில், உங்கள் கணினி உண்மையிலேயே தகுதியற்றதா என்று பாருங்கள். 2018க்குப் பிறகு வந்த பல கணினிகளில் டி.பி.எம். இருந்தும் முடக்கி வைக்கப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்கினாலே போதும். பக்கத்துக் கணினிக் கடையில் கேட்டால் சில நிமிட வேலை.

இரண்டாவது, காலக்கெடுவைத் தள்ளிப்போடுவது. தனிநபர்களுக்கு விண்டோஸ் 10இன் பாதுகாப்பு மேம்பாடுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துப் பெற வழி உண்டு. கட்டணம் 30 அமெரிக்க டாலர், ஏறக்குறைய 120 ரிங்கிட். கணினி அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமே இல்லை. ஆனால் பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் மைக்ரோசாப்ட் கணக்கு வேண்டும். ஐரோப்பியப் பொருளாதார வட்டார மக்களுக்கோ, பயனீட்டாளர் அமைப்புகள் கொடுத்த நெருக்குதலால், அமைப்புகளை ஒத்திசைக்காமலே இலவசமாகக் கிடைத்தது. அங்கே குரல் கொடுத்தார்கள், சலுகை வந்தது.

பள்ளிகளுக்கு இதைவிடக் குறைவு. கல்வி உரிமத்தின் கீழ் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. நம் தமிழ்ப்பள்ளிகளின் கணினி அறையில் பழைய கணினிகள் இருந்தால், புதியவை வாங்க நிதி திரட்டும் முன் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதைப் பற்றி விசாரிக்கலாம்.

மூன்றாவது வழி, லினக்ஸ். இது கட்டணமில்லா, திறந்தமூல இயங்குதளம். அதில் பல வகைகள் உண்டு. விண்டோஸ் பழகியவர்களுக்கு லினக்ஸ் மின்ட், சோரின் இரண்டும் எளிது. மின்ட்டுக்கு 4 ஜிபி நினைவகம் இருந்தால் நன்றாக ஓடும். யு.எஸ்.பி. தடியில் போட்டு, கணினியில் எதையும் அழிக்காமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம்.

லினக்ஸ் உலகிலும் இதே எரிச்சல் வந்ததுண்டு. 2011இல் குனோம் என்ற பணித்திரை தன் தோற்றத்தைத் தலைகீழாக மாற்றியபோது பயனர்கள் கொதித்தார்கள். ஆனால் மூலநிரல் திறந்தே இருந்ததால், பழைய வடிவத்தை எடுத்து 'மாத்தே' என்ற பெயரில் சிலர் தொடர்ந்தார்கள். மின்ட் குழுவினர் 'சினமன்' என்ற பணித்திரையை உருவாக்கினார்கள். பிடிக்காத மாற்றம் வந்தால் விலகி நடக்க அங்கே பாதை இருக்கிறது. இரண்டு உலகங்களுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

எதற்கு ஒத்துவராது?

இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். நம் சிறுவணிகர்கள் பயன்படுத்தும் ஆட்டோகவுண்ட், எஸ்.கியூ.எல். அக்கவுண்ட் போன்ற கணக்கியல் மென்பொருள்களின் மேசைக்கணினிப் பதிப்புகள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. போட்டோஷாப்பும் அப்படியே. இவற்றை நம்பித் தொழில் செய்பவர் அவசரப்பட்டு லினக்ஸுக்குத் தாவக் கூடாது. வங்கிச் சேவை, உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம், கல்வியமைச்சின் டெலிமா தளம் ஆகியவை உலாவியில் இயங்குபவை. அவற்றுக்கு லினக்ஸ் போதும். அச்சு இயந்திரம் வேலை செய்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

தமிழ் என்னவாகும்?

தமிழ் 99 விசைப்பலகை லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு வசதி வழியாகக் கிடைக்கிறது. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுபவர்களுக்கும் வழி உண்டு. ஆனால் நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் விரல் பழகியவர்களுக்குச் சில விசைகள் இடம் மாறித் தெரியலாம்.

எழுத்துருதான் பெரிய சிக்கல். லதா, நிர்மலா போன்ற விண்டோஸ் எழுத்துருக்கள் லினக்ஸோடு வருவதில்லை. வேறு எழுத்துருவில் திறந்தால் எழுத்து சிதையாது, ஆனால் வரிகளும் பக்கங்களும் நகர்ந்துவிடும். திருவிழா அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்புமுன் பி.டி.எப். ஆக மாற்றிக்கொள்வது நல்லது.

யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கோப்புகள் இன்னும் ஆபத்தானவை. இயக்கங்களின் கூட்டக் குறிப்புகள், ஆலய மலர்கள், ஆசிரியர்களின் பயிற்றுத்தாள்கள் பல, திஸ்கி போன்ற பழைய குறியீடுகளில் தட்டப்பட்டவை. அவற்றுக்குரிய எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தெரிவது வெறும் கிறுக்கல். இயங்குதளம் எதுவானாலும், கணினியை அழிக்குமுன் கோப்புகளோடு எழுத்துருக்களையும் நகலெடுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். கணினி போனால் வாங்கிவிடலாம். முப்பது ஆண்டுச் சங்கக் குறிப்பு போனால் எங்கே வாங்குவது?

பிறர் பட்டறிவு

கேரள அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்ததால் அது நிலைத்தது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி லினக்ஸுக்கு மாறிவிட்டு, 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. மலேசியாவும் 2004இல் பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டத்தை மாம்பு வழி அறிவித்த நாடுதான். மென்பொருள் இலவசம் என்பதால் மட்டும் எதுவும் வேரூன்றிவிடாது, கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதே இவை சொல்லும் பாடம்.

நம்மிடம் அந்த ஆள்கள் இல்லாமல் இல்லை. செடெனாக்கிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் தரவு மையங்கள் எழுகின்றன. மைக்ரோசாப்டும் ஜொகூரில் அதற்கு நிலம் வாங்கியிருக்கிறது. நம் பிள்ளைகள் கணினித் துறையில் படிக்கிறார்கள், சிங்கப்பூருக்குத் தினமும் போய் அதே துறையில் வேலை செய்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலய மண்டபத்திலோ பள்ளியிலோ உட்கார்ந்தால், பத்து இருபது கணினிகளைச் சோதித்து, எதற்கு எந்த வழி என்று சொல்லிவிடலாம். இளைஞர் இயக்கங்கள் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. பெரிய செலவும் இல்லை.

எதற்குமே உதவாது என்று முடிவான கணினியை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். மின்கழிவு நம் நாட்டுச் சட்டப்படி திட்டமிடப்பட்ட கழிவு வகையைச் சேர்ந்தது. சேகரிப்பு மையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

2026 அக்டோபர் 13க்குப் பிறகு தனிநபர்களுக்கான நீட்டிப்பும் முடிகிறது. கடைசி வாரம் வரை காத்திருந்தால், விளம்பரம் சொல்வதைத்தான் வாங்க வேண்டி வரும். இப்போதே பார்த்துவிட்டால், கையில் இருப்பதை வைத்தே சமாளிக்க முடியுமா என்பது தெரிந்துவிடும்.