லண்டனில் கட்டணம், பாரிஸில் தடை, பெர்லினில் ஓகே! பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஐரோப்பா சுற்றுவது ஏன் சிக்கலாகிறது?

கோடை வந்துவிட்டால் பிரிட்டனின் டோவர் துறைமுகத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். குடும்பக் கார்களுக்கு நடுவே, கூரையை மடக்கிய இரண்டு சீட் குட்டி கார்களும் கப்பலுக்காக வரிசையில் நிற்கும். கால்வாயைத் தாண்டி, பிரான்ஸ் வழியாக ஆல்ப்ஸ் மலைவரை ஒரு ரவுண்டு போய் வருவது அங்கே பல கார் பிரியர்களின் நீண்ட நாள் ஆசை.

அந்த ஆசையைச் சாமானியர்களின் கைக்கு எட்டவைத்த கார்களில் ஒன்று, ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் அறிமுகமானது. 2016-ல் உற்பத்தி 10 லட்சத்தைத் தொட்டது. உலகில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்ற கின்னஸ் சாதனையும் இதனிடம்தான் இருக்கிறது. முதல் தலைமுறை வண்டியின் எடை சுமார் ஒரு டன்தான்.

முன்பெல்லாம் இப்படி ஒரு பயணத்துக்கு முன்னால் மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினால் போதும். இப்போது மெக்கானிக்குக்கு ஒரு நாள் என்றால், விதிகளைப் படிக்க ஒரு வாரம் ஆகும். என்னதான் மாறியது?

ஒரே கார், மூன்று நகரம், மூன்று பதில்

1995-ல் பதிவான ஒரு பெட்ரோல் எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம்.

லண்டனில் 'யுலெஸ்' எனப்படும் குறைந்த புகை மண்டலம், 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. பெட்ரோல் வண்டி என்றால் யூரோ 4 தரம் வேண்டும். நம் எம்எக்ஸ்-5 அதில் தேறாது. ஆனால் தடை இல்லை; ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட் கட்டினால் ஓட்டலாம்.

பாரிஸில் கதை வேறு. பிரான்ஸில் 'கிரிட் ஏர்' என்ற ஸ்டிக்கர் முறை இருக்கிறது. வண்டியின் வயதையும் எரிபொருளையும் பார்த்து எண் கொடுப்பார்கள். 1997-க்கு முன்னால் பதிவான கார்களுக்கு ஸ்டிக்கரே கிடையாது. அத்தகைய கார்களுக்கு 2016 ஜூலையிலேயே, வார நாள்களில் காலை 8 முதல் இரவு 8 மணிவரை பாரிஸ் நகருக்குள் தடை விதிக்கப்பட்டது. காசு கட்டித் தப்பிக்கும் வழியும் இல்லை.

பெர்லினிலும் ஸ்டிக்கர் உண்டு. ஆனால் பிரான்ஸ் ஸ்டிக்கர் அங்கே செல்லாது. தனியாக வாங்க வேண்டும். அங்கே கேட்பது யூரோ 1 தரம் மட்டும்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள 1995 பெட்ரோல் கார் பச்சை ஸ்டிக்கர் வாங்கிவிடும். ஸ்டிக்கர் இல்லாமல் உள்ளே போனால் 100 யூரோ அபராதம்.

அதே இன்ஜின், அதே புகை. ஒரு ஊர் காசு கேட்கிறது, இன்னொரு ஊர் கதவைச் சாத்துகிறது, மூன்றாவது ஊர் உள்ளே விடுகிறது. மனிதர்களுக்கு எல்லைச் சோதனை குறைந்த ஐரோப்பாவில், கார்களுக்கு ஊருக்கு ஊர் புது எல்லை முளைத்திருக்கிறது.

இதில் நியாயம் இருக்கிறதா?

இருக்கிறது. பழைய இன்ஜின்கள் விடும் நச்சு வாயுக்கள் அதிகம். நகரவாசிகளின் நுரையீரலுக்கு அது நேரடி ஆபத்து. அதை யாரும் மறுக்க முடியாது.

சிக்கல் அளவுகோலில்தான். இரண்டு டன் எடையுள்ள புதிய பெட்ரோல் எஸ்யூவி, பிரான்ஸில் கிரிட் ஏர் 1 ஸ்டிக்கரோடு கம்பீரமாகப் போகும். வருடத்தில் சில வாரங்கள் மட்டும் ஓடும் ஒரு டன் பழைய கார் வெளியே நிற்கும். புது வண்டி வாங்க முடியாதவர்கள்மேல்தான் சுமை விழுகிறது என்ற கோபம் அங்கே அரசியலாகவே மாறிவிட்டது. 2025 ஜூனில் பிரான்ஸ் நாடாளுமன்றத்தின் கீழவை, இந்தப் புகை மண்டலங்களை ரத்து செய்யும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆக, போன வருடம் படித்த விதியை நம்பிக் கிளம்பக் கூடாது.

எடையும் இப்போது கணக்கில் வர ஆரம்பித்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, வெளியூர்க்காரர்களின் கனமான கார்களுக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். அக்டோபர் முதல் நகரின் மையத்தில் மணிக்கு 18 யூரோ. குட்டி கார்களுக்கு இது ஒரு சின்ன ஆறுதல்.

பிரெக்ஸிட் சேர்த்த பக்கங்கள்

பிரிட்டன் வண்டிகளுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. பின்பக்கம் ஒட்டும் 'ஜிபி' ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது; 'யுகே' என்றுதான் இருக்க வேண்டும். சாண்ட்விச்சுக்குள் இறைச்சியோ சீஸோ இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக முடியாது. எந்த 180 நாள்களைக் கணக்கிட்டாலும் 90 நாள்தான் தங்கலாம். 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிப் படிப்படியாக வந்த புதிய முறைப்படி, கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 'கிரீன் கார்டு' காப்பீட்டுச் சான்று 2021 ஆகஸ்ட் முதல் தேவையில்லை. ஆனால் பிரிட்டன் காப்பீடு அங்கே குறைந்தபட்சப் பாதுகாப்பை மட்டுமே உறுதி செய்கிறது. சொந்த வண்டிக்கான சேதமும் திருட்டும் அதில் வருமா என்று பாலிசியைப் பார்த்துவிட வேண்டும். வழியில் நின்றுபோனால் உதவும் பாலிசிகள் சிலவற்றில், வண்டியின் வயதுக்கும் வரம்பு இருக்கும்.

டோல் கேட் எங்கே?

சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு ஒரே கட்டணம், 40 பிராங்க். ஒரு நாள் ஓட்டினாலும் அதேதான். 2023 ஆகஸ்ட் முதல் ஆன்லைனிலும் வாங்கலாம். வாங்காமல் மாட்டினால் 200 பிராங்க் அபராதம். நார்மண்டியையும் பாரிஸையும் இணைக்கும் ஏ13 சாலையில் இப்போது டோல் கேட்டே இல்லை. கேமரா எண்ணைப் படம் பிடிக்கும். 72 மணி நேரத்துக்குள் நாமாகத் தேடிப்போய்க் கட்ட வேண்டும். "யாரும் கேட்கலையே" என்று விட்டால் வீட்டுக்கு அபராதம் வரும். இத்தாலியில் பழைய நகர மையங்கள் பலவற்றில் அனுமதி இல்லாத வண்டிகள் நுழையவே கூடாது. அங்கேயும் கேமராதான் காவல்.

சரி, வண்டிக்கு என்ன செய்வது?

முதலில் பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம். ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது பழைய ஆயிலில் உள்ள ஈரம் கொதித்து, பெடல் பொசுக்கென்று உள்ளே போய்விடும். ஆயிலை மாற்றிவிட்டு, குறைந்த கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

அடுத்து கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், டைமிங் பெல்ட், டயரின் வயது. மடக்கும் கூரை உள்ள கார்களில் மழைநீர் வடியும் குழாய்களையும் சுத்தம் செய்ய வேண்டும். அடைத்தால் கதவுக்குக் கீழே துரு பிடிக்கும். பெட்ரோல் பங்கில் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். எத்தனால் அதிகமுள்ள ஈ-10 பல பழைய வண்டிகளுக்கு ஒத்துவராது. பிரான்ஸில் 'எஸ்பி98' என்று கேட்டால் ஈ-5 கிடைக்கும்.

வலது கை ஸ்டீயரிங் காரின் விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் என்பதால், முகப்பு விளக்கில் ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டும். எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் ஜாக்கெட்டும் பிரான்ஸில் கட்டாயம். ஜாக்கெட்டை டிக்கியில் வைக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டும்.

பழைய கார்களுக்கு ஐரோப்பாவின் கதவு முழுசாக மூடவில்லை. மலைப்பாதைகளும் கிராமச் சாலைகளும் இன்னும் திறந்தே இருக்கின்றன, சுருங்குவது பெருநகரங்கள்தான். அதனால் அனுபவசாலிகள் நகரத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, உள்ளே ரயிலில் போகிறார்கள். கிளம்புகிற வாரத்தில் ஒவ்வொரு ஊரின் விதியையும் அதன் அரசு இணையதளத்தில் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுவது, ஸ்பேர் டயருக்குக் காற்று பார்ப்பதைப் போலவே அவசியம்.