விறகு விலைக்குத் தண்ணீர்

"வேலிகாத்தான் கட்டைதான் சூடு. மாங்கட்டையை எவ்வளவு போட்டாலும் ஸ்டீம் ஏறாது." திருத்தணி, பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் சாயப்பட்டறையோ அரிசி ஆலையோ நடத்துகிறவர்களிடம் விறகுப் பேச்சை எடுத்தால் இதைத்தான் சொல்வார்கள். சவுக்கு என்றால் இன்னும் ஒரு படி மேல். இந்த நம்பிக்கை தவறு. சிறு பட்டறைக்காரர்களின் பணத்தை அது வருடாவருடம் புகைபோக்கி வழியே வெளியேற்றுவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

துளி ஈரமில்லாமல் காய்ந்த மரம் எதுவானாலும் கிலோவுக்கு ஏறத்தாழ 4,500 கிலோகலோரி தரும். மரத்துக்கு மரம் சில நூறு கூடும், குறையும், அவ்வளவுதான். எடை குறைந்த பைன் மரம்கூட, பிசின் மிகுந்திருப்பதால், கிலோ கணக்கில் பல வைரக்கட்டைகளை மிஞ்சிவிடும்.

அப்படியானால் வேலிகாத்தான்தான் சூடு என்ற பெயர் எப்படி வந்தது? வேலிகாத்தான் கனமான மரம். அடுப்பை ஒருமுறை நிரப்பினால் நெடுநேரம் தாங்கும்; தீ போடுகிறவருக்கு அலைச்சல் குறையும். அதை நான் மறுக்கவில்லை. 1860களில் மதராஸ் ரயில்வே எஞ்சின்களுக்காகக் கடலோர மணலில் சவுக்குத் தோப்புகள் வைத்தார்கள். எஞ்சினோடு இழுத்துப்போகும் விறகுக்கு இடம் கொஞ்சம்தான் என்பதால் அங்கே கனத்த கட்டைக்கு மதிப்பு உண்டு. நம் பட்டறைக்கு விறகு கன அடிக் கணக்கில் வருவதில்லை. லாரி எடைமேடையில் ஏறுகிறது, டன்னுக்குப் பணம் எண்ணுகிறோம். எடைக்கு வாங்குகிறவருக்கு மரத்தின் கனத்தால் என்ன லாபம்?

நஷ்டம் ஈரத்தில் இருக்கிறது. அன்று வெட்டி அன்றே ஏற்றிய கட்டையில் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். ஒரு டன் விலையில் 500 கிலோ விறகும் 500 லிட்டர் தண்ணீரும் வாங்குகிறோம். அந்தத் தண்ணீரை அடுப்புக்குள்ளேயே ஆவியாக்க லிட்டருக்கு 600 கிலோகலோரி போல வீணாகிறது. கழித்துப் பார்த்தால், பாதி ஈரமுள்ள கட்டையில் கிலோவுக்கு மிஞ்சுவது சுமார் 1,900 கிலோகலோரி. ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய கட்டையில் சுமார் 3,400. காய்ந்த மாங்கட்டை ஒரு டன் செய்கிற வேலைக்கு, பச்சை வேலிகாத்தான் ஒன்றே முக்கால் டன் வேண்டும்.

"கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் நின்னு எரியும்" என்பார்கள். அடுப்புக் கதவைத் திறந்து பார்க்கட்டும். கட்டையின் உள்முனை பற்றியிருக்கும். வெளிமுனையில், வெட்டுவாயில், நுரை கொப்பளித்து உஸ்ஸென்று நீர் கசியும். அது நின்று எரியவில்லை, எரிய முடியாமல் திணறுகிறது. தீயின் சூடு இறங்கும், புகை கறுக்கும், பாய்லர் குழாய்களில் கரி படியும். கரி படிந்த குழாய் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாது. பிரஷர் முள் அசையாது. அந்தப் புகையை மூச்சில் வாங்குகிறவர் தீ போடும் தொழிலாளி. பழியோ, லோடில் கலந்து வந்த நாலு மாங்கட்டை மேல் விழுகிறது.

நகரியைத் தாண்டினால் சித்தூர்ப் பக்கம் மாந்தோப்புகள். காய்ப்பு ஓய்ந்து வெட்டும் மரங்களை நம் ஊர்ப் பட்டறைகள் இளக்காரமாகப் பார்ப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. நெல் உமியைப் பற்றி யாராவது குறை சொன்னால் ஒப்புக்கொள்வேன்: அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். மரக்கட்டையில் சாம்பல் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான்.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாசியிலேயே விறகை வாங்கிப் பிளந்து, தகரக் கூரையின் கீழ் காற்றுப் புகும்படி அடுக்குங்கள். பங்குனி முதல் ஆடி வரை அடிக்கும் வெயில் செலவில்லாமல் காயவைத்துக் கொடுக்கும். ஐப்பசி மழையில் அதை எரிக்கலாம். அவசரத்துக்கு வாங்கினால், கட்டையைப் பிளந்து நடுப்பகுதியிலிருந்து ஒரு கிலோ சிராய் எடுங்கள். பாய்லர் பக்கத்துச் சூட்டில், கருகாமல், எடை குறைவது நிற்கும்வரை காயவைத்துத் தராசில் போடுங்கள். 600 கிராமுக்குக் கீழே இறங்கினால், எந்த மரமாக இருந்தாலும், அதை விற்ற மண்டியிடம் மறுபடி டன் விலைக்கு வாங்காதீர்கள்.