மணலைப் பிணைத்த பாகு

கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்கிறவர்களுக்குப் பாகின் அளவு தெரியும். அளவாக வார்த்தால் பொரிகள் தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு, நடுவே இடைவெளி விட்டு நிற்கும். பாகு மிஞ்சினால் உருண்டை கல். குறைந்தாலோ கையிலேயே உதிரும். மணற்பாறையும் அவ்வகை உருண்டையே. பாறைக்குள் வாயு என்றவுடன் பூமிக்கடியில் பெரிய குகை ஒன்றைக் கற்பனை செய்கிறவர் பலர். என் வகுப்பு மாணாக்கரும் அப்படித்தான் படம் வரைகிறார்கள். குகை ஏதுமில்லை. மணலுக்கும் மணலுக்கும் இடையிலுள்ள, கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளே வாயுவின் வாசஸ்தலம்.

ஹாலந்து தேசத்தின் வடகோடியிலுள்ள குரோனிங்கனில் 1959-ஆம் ஆண்டு கண்டுபிடித்த வாயு, சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் அத்தகைய பாறையில் இருந்தது. ஏறக்குறைய 26 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்பிரதேசம் பாலைவனம். காற்று குவித்த மணல்மேடுகள், எப்போதாவது வெள்ளம் ஓடும் வறண்ட ஆறுகள், உப்பளம் போன்ற தாழ்நிலங்கள். பாகு வார்க்கும் வேலை அப்போதே, மணல் ஆழத்தில் புதையுமுன்பே தொடங்கிவிட்டது. வெயிலில் நிலத்தடி நீர் வற்ற வற்ற, அதில் கரைந்திருந்த டாலமைட்டும் ஜிப்ஸமும் இடுக்குகளில் படிகமாயின. மணிகளின்மேல் இரும்புத் துருவும் களிமண்ணும் மெல்லிய தோலாகப் படிந்தன. பாறையின் செந்நிறம் அந்தத் துருவினால் வந்ததே.

இந்த முதற் பாகு நன்மையா, தீமையா என்று ஒரே சொல்லில் விடையளிக்க முடியாது. மிகுந்த இடத்தில் இடுக்கை அடைத்தது. சிறிதே இருந்த இடத்தில், மேலே ஏறிய பாரத்தில் மணிகள் நெருங்கிவிடாமல் முட்டுக்கொடுத்தது. பின்னால் மணல் ஆழத்தில் இறங்கிச் சூடேறியபோது மணிகளின்மேல் புதிய குவார்ட்ஸ் வளர முயன்றது. களிமண் தோல் நன்கு மூடிய இடங்களில் அது வளர இடம் கிடைக்கவில்லை. களிமண்ணிலும் ஒரு துஷ்டன் உண்டு: இல்லைட் என்பது. மயிரிழைகளாக வளர்ந்து இடுக்குகளின் குறுக்கே படரும். சலதாரையில் தலைமயிர் சிக்கினால் என்ன ஆகும்? இடம் இருக்கும், ஓட்டம் இராது. வடகடலில் இதே பாறையில் தோண்டிய கிணறுகள் சிலவற்றில் வாயு தாராளமாக வராததற்கு இவ்விழைகளே காரணம்.

அடியிலிருந்த நிலக்கரியிலிருந்து எழுந்த வாயு, மேலேயிருந்த உப்புப் படலத்தால் தடுக்கப்பட்டு, மணற்பாறையில் தங்கியது. அதன் அழுத்தம் சுமார் 350 வளிமண்டலம். மேலேயுள்ள பாரத்தில் ஒரு பங்கை அவ்வாயுவும் தாங்கிக்கொண்டிருந்தது. அதை வெளியே எடுக்க எடுக்க, அந்தப் பங்கும் மணிகளின் தலையிலும் பாகின் தலையிலும் விழுந்தது. இடுக்கு நிறைந்த பாறைதான் வாயுவைத் தாராளமாகத் தரும். அமுங்குவதும் அதுவே அதிகம். பாறை மயிரிழையளவாய் அமுங்கியது நூறு மீட்டருக்கு மேற்பட்ட கனத்தில் கூடியபோது நிலமே தாழ்ந்தது. பழைய பிளவுகள் வழுக்கின. 2012 ஆகஸ்டில் ஹெய்ஸிங்கா கிராமத்தில் 3.6 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. எண் சிறிதுதான், ஆனால் மேற்பரப்புக்கு அருகில் எழுந்தபடியால் செங்கல் வீடுகளின் சுவர்கள் விரிந்தன.

நிலம் தாழும் என்பதை நிபுணர்கள் வெகுகாலத்துக்கு முன்பே கணக்கிட்டிருந்தனர். குடியிருப்போரின் கணக்குத்தான் விட்டுப்போயிற்று. அவர்களுடைய நலன் இடைவிடாமல் புறக்கணிக்கப்பட்டதென்று 2023-இல் டச்சுப் பார்லிமெண்டு விசாரணைக் குழுவே எழுதிவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் வாயு எடுப்பது நின்றது. 2024-இல் சட்டமியற்றி வயலை நிரந்தரமாக மூடினார்கள். குழாயை மூடியவுடன் பாறை அடங்கிவிடாது. பாறைக்குள் அழுத்தம் இடத்துக்கிடம் சமனாகும் வரையில் நடுக்கங்கள் வந்துகொண்டிருக்கும்.