சமம்தான், ஆனால் போதாது

கடற்கரைச் சாலை நடையில் ஒரு நண்பர் கேட்டார்: "என்ன முசியே, பேத்திக்கு அமெரிக்காவில் நல்ல காலேஜ் கிடைக்கலையா? கம்யூனிட்டி காலேஜாமே!"

அந்த 'ஆமே'வுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கலிபோர்னியாவில் இப்படி 116 அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. முதல் இரண்டு ஆண்டுகளை அங்கே குறைந்த செலவில் படித்துவிட்டு மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் போகலாம். கடைசியில் கையில் வாங்குவது பல்கலைக்கழகப் பட்டம்தான். இதில் என்ன கேவலம்?

நண்பரையாவது மன்னித்துவிடலாம். "முதல்ல சேரட்டும், பொதுப் பாடத்தை முடிக்கட்டும், மேஜரை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று போனில் புத்தி சொல்லும் சொந்தக்காரர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. பேத்தி கேட்பது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அதற்குக் கால்குலஸ் வரிசையாக மூன்று, லீனியர் அல்ஜீப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன்ஸ், கூடவே கால்குலஸ் தெரிந்தால்தான் புரியும் பிசிக்ஸ். ஒன்றைத் தாண்டினால்தான் அடுத்ததில் உட்கார விடுவார்கள். முதல் செமஸ்டரில் கணக்கை விட்டால், இரண்டு வருடம் மூன்றாகிவிடும்.

அந்த இரண்டு வருடமும் முழு இரண்டு வருடம் இல்லை. ஆகஸ்டில் சேருகிறவள், கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மறு வருட நவம்பருக்குள் விண்ணப்பம் போட வேண்டும். ஆறு வளாகங்கள் முன்கூட்டியே இட உறுதி தருகின்றன. அதற்குக் கெடு செப்டம்பர். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோ மூன்றிலும் அந்த உறுதியும் கிடையாது. அப்புறம் பார்த்துக்கொள்ள அப்புறம் எங்கே இருக்கிறது?

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம், எந்த வளாகத்தில், எந்த மேஜருக்குச் செல்லும் என்று 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. ஃபைலைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது என் பழைய தொழில். இதையும் அப்படித்தான் படித்தேன். ஒரே மாநிலம், ஒரே பல்கலைக்கழகம், ஒரே மேஜர். பட்டியல் மட்டும் வளாகத்துக்கு வளாகம் வேறு! பதினெட்டு வயதுப் பிள்ளை தனக்குத்தானே யு.டி.சி. வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. இதைக் கண்டிக்க அங்கே ஆள் இல்லையா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல் என்றால், இதில் நான் ஒருமுறை அடிபட்டவன். பிரெஞ்சு மீடியத்தில் இலக்கியப் பிரிவு பக்கலொரெயா முடித்தவன் நான். அது பி.யு.சி.க்குச் சமம் என்று சான்றிதழ் வாங்க அலைந்து, வாங்கியும் விட்டேன். அதை எடுத்துக்கொண்டு ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கேட்டேன். அங்கிருந்தவர் கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்: "சமம்தான் தம்பி. ஆனா இந்தக் கோர்ஸுக்குக் கணக்கு போதாது." அடுத்த வருடம் குமாஸ்தா பரீட்சை எழுதினேன். அங்கேயும் அதே கதைதான். அறுபது யூனிட்டையும் ஏற்றுக்கொள்வார்கள். மேஜருக்கு வேண்டிய பாடம் அதில் இல்லாவிட்டால் கதவு திறக்காது.

பேத்தி இந்த ஆகஸ்டில் சேருகிறாள். கால்குலஸ் முதல் செமஸ்டரிலேயே. மூன்று யூனிட் ஓவிய வகுப்பை மட்டும் விடமாட்டேன் தாத்தா என்கிறாள். போகட்டும், அதற்கும் பட்டியலில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன்.