ஃபுல் பாடியா, ஸ்ப்ளிட்டா? ஜிம் அட்டவணையை முடிவு செய்ய வேண்டியது உங்கள் காலண்டர்தான்!

திங்கட்கிழமை மாலை ஜிம்முக்குப் போனால் பெஞ்ச் பிரஸ் பக்கம்தான் கூட்டம். காரணம், அன்று 'செஸ்ட் டே'. செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கை, வெள்ளி கால். புதிதாகச் சேருகிறவருக்கும் பெரும்பாலும் இதே அட்டவணைதான் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை போய்ப் பாருங்கள், ஸ்குவாட் ரேக் காலியாக இருக்கும்.

வாரத்துக்கு அஞ்சு நாளும் ஆள் வருவார் என்று நம்பிப் போடப்பட்ட அட்டவணை இது. ஆனால் லேட் மீட்டிங், டிராஃபிக், மழை, ஊரில் கல்யாணம் எல்லாம் போக, வேலைக்குப் போகும் ஒருவருக்கு மூணு நாள் கிடைத்தாலே பெரிய விஷயம். எந்த முறை நல்லது என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஃபுல் பாடி என்றால், ஜிம்முக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கால், நெஞ்சு, முதுகு, தோள் என எல்லா முக்கியத் தசைகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேலை கொடுப்பது. ஸ்ப்ளிட் என்றால், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தசைகளை மட்டும் எடுத்து நிறைய செட் செய்வது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

எடை தூக்கியபின் தசையில் புதுப் புரதம் உருவாகும் வேகம் கூடுகிறது. ஒன்றிரண்டு நாளில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் ஒரு தசையை வாரம் முழுக்கக் காத்திருக்க வைக்கத் தேவையில்லை.

உடற்பயிற்சி ஆய்வாளர் பிராட் ஷோன்ஃபெல்டும் அவரது சகாக்களும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியிட்ட கட்டுரை, ஒரு தசைக்கு வாரம் ஒருமுறை பயிற்சி கொடுப்பதைவிட இருமுறை கொடுப்பது மேல் என்றது. 2019-ல் கூடுதல் ஆய்வுகளோடு பார்த்தபோது, வாரத்தின் மொத்த செட் ஒன்றாக இருந்தால், அதை எத்தனை நாளாகப் பிரித்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. சுருக்கமாகச் சொன்னால், வாரக் கடைசியில் எத்தனை செட் முடித்தீர்கள் என்பதுதான் கணக்கு.

ஒரு நாள் லீவு போட்டால்?

காலுக்கு வாரம் 12 செட் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் பாடியில் நாளுக்கு 4 செட் வீதம் மூணு நாள். ஒரு நாள் போகவில்லை என்றால் 8 செட் மிச்சம். ஸ்ப்ளிட்டில் அந்த 12-ம் வெள்ளிக்கிழமை. அன்று போகவில்லை என்றால் பூஜ்யம். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று நாலு வெள்ளி போனால், ஒரு மாதம் முழுக்கக் காலுக்கு வேலையே இல்லை.

இது அழகு சம்பந்தப்பட்ட பிரச்சினை மட்டும் இல்லை. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும்தான் இருக்கின்றன. ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்வதில் தசைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர் தவறவிடக் கூடாத நாளைத்தான் ஸ்ப்ளிட் அட்டவணை சுலபமாகத் தவறவிட வைக்கிறது. எல்லா முக்கியத் தசைகளுக்கும் வாரத்தில் 2 நாளாவது பயிற்சி வேண்டும் என்பது பெரியவர்களுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை.

அப்போ ஸ்ப்ளிட் வேஸ்ட்டா?

இல்லை. பல வருடம் பயிற்சி செய்தவருக்கு ஒவ்வொரு தசைக்கும் அதிக செட் தேவைப்படும். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யப் பார்த்தால் ரெண்டு மணி நேரம் ஆகும், கடைசிப் பயிற்சிக்கு உடம்பில் தெம்பும் இருக்காது. அவர்களுக்குப் பிரித்துச் செய்வதுதான் வசதி.

ஆனால் ஃபுல் பாடி கத்துக்குட்டிகளுக்கு மட்டும் என்பது தவறு. 1950-ல் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்ற ஸ்டீவ் ரீவ்ஸ் வாரம் மூணு நாள் ஃபுல் பாடிதான் செய்தார். வாரம் ஆறு நாள் ஸ்ப்ளிட் செய்த அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர், போட்டிக் காலத்தில் ஸ்டீராய்டு எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த அட்டவணையை அப்படியே ஆபீஸ் போகிறவர் காப்பி அடிப்பதில் அர்த்தமில்லை.

யாருக்கு எது?

வாரம் 2 அல்லது 3 நாள்: ஃபுல் பாடி. ஒரு நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோ. அடுத்த முறை டெட்லிஃப்ட், ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுன். நடுவில் ஒரு நாள் ஓய்வு.

4 நாள்: அப்பர்-லோயர். மேல் உடம்பு ரெண்டு நாள், கீழ் உடம்பு ரெண்டு நாள்.

5 அல்லது 6 நாள் நிஜமாகவே வர முடிந்தால்: புஷ்-புல்-லெக்ஸ். இதையே 3 நாள் மட்டும் செய்தால் ஒவ்வொரு தசைக்கும் வாரம் ஒரு முறைதான் வாய்ப்பு.

முதுகுவலி, மூட்டுவலி, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

டிரெயினர்களும் புதிதாக வருகிறவரிடம் "எந்த பாடி பார்ட் டெவலப் பண்ணணும்?" என்பதற்கு முன்னால், "வாரத்துக்கு எத்தனை நாள் வருவீங்க?" என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் ஜிம் வருகைப் பதிவை எடுத்து, போன மாதம் எத்தனை நாள் வந்தோம் என்று எண்ணிப் பார்க்கலாம். அதை நாலால் வகுத்தால் வரும் எண்ணுக்குத்தான் அட்டவணை போட வேண்டும்.