ஸ்டூடியோ சாவி யாரிடம் இருக்கிறது?

போன வாரம் நிகழ்ச்சி முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்த நேரத்தில் நிலையத்தின் ஃபோன் ஒலித்தது. பாட்டு கேட்க யாரோ அழைக்கிறார்கள் என்று எடுத்தேன்.

"தங்கச்சி, பாட்டு வேணாம். ஒரு விஷயம் கேக்கணும்," என்றார் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா. மகளுக்கு எஸ்.பி.எம். முடிவு வந்துவிட்டதாம். ஏழு பாடங்களில் கிரெடிட். "மாஸ்கோம்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவங்கப்பா, பேசுறதுக்கு எதுக்கு டிகிரிங்கிறாரு. நேத்து ஈப்போவுல கல்விக் கண்காட்சிக்குப் போனோம். இந்த வாரத்துக்குள்ள பேரு பதிஞ்சா கட்டணத்துல கழிவு உண்டுன்னு ஒரு காலேஜ்ல சொன்னாங்க. கட்டிடலாமா?"

"அவசரப்பட்டுக் கட்டாதீங்கக்கா," என்றேன். அப்படிச் சொன்னதற்குக் காரணம் என் சொந்தக் கதை.

நானும் எஸ்.பி.எம். முடித்த கையோடு இப்படி ஒரு கண்காட்சிக்குப் போய், அங்கிருந்து ஒரு கல்லூரியைப் பார்க்கப் போனவள்தான். கண்ணாடிச் சுவர் வைத்த ஸ்டூடியோ. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. என்னை மைக் முன்னால் உட்கார வைத்துப் படம்கூட எடுத்துக் கொடுத்தார்கள். அன்றைக்கே பெயர் பதிந்தோம். லாரி ஓட்டிய அப்பா தம் இபிஎஃப் பணத்தை எடுத்துத்தான் கட்டணம் கட்டினார்.

வகுப்பு தொடங்கிய பிறகுதான் அந்த ஸ்டூடியோ எப்போதும் பூட்டியே இருக்கும் என்று தெரிந்தது. சாவி அலுவலகத்தில். இறுதியாண்டு மாணவர்களுக்கே முன்னுரிமை. படித்து முடிக்கும்வரை நான் அந்த மைக் முன்னால் உட்கார்ந்த நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேசக் கற்றது கிள்ளான் பக்கத்துக் கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளராக நின்றபோதுதான். அப்பா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

படிப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தை வகுப்பில்தான் முதன்முதலில் படித்தேன். எதைச் சொன்னால் அவதூறு, ஒரு தகவலை எப்படிச் சரிபார்ப்பது, நேர்காணலுக்கு முன் என்ன தேட வேண்டும் என்பதெல்லாம் அங்கே கற்றவை. இவை இல்லாமல் மைக் முன்னால் உட்காருவது லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டுவது போலத்தான். "பேசுறதுக்கு எதுக்கு டிகிரி" என்று கேட்கும் அப்பாக்களுக்கு என் பதில் இதுதான். தப்பு படிப்பில் இல்லை. நாங்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்.

அன்று நாங்கள் கேட்காமல் விட்ட கேள்விகளை நீங்கள் கேளுங்கள்.

முதலில் அங்கீகாரம். எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். கல்லூரியின் பெயரைத் தேடினால் போதாது. உங்கள் பிள்ளை சேரப்போகும் அதே படிப்பு அங்கே இருக்கிறதா, இருந்தால் முழு அங்கீகாரமா தற்காலிகமா என்று பாருங்கள். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடையாது.

அடுத்து, வளாகத்துக்குப் போவது. திறந்தநாள் அன்று போகாதீர்கள். அன்று எல்லாமே பளபளக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். ஸ்டூடியோ சாவி யாரிடம் இருக்கிறது, முதலாண்டு மாணவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் உள்ளே இருக்கலாம் என்று கேளுங்கள். போன ஆண்டு மாணவர்கள் தயாரித்த ஒரு வானொலி நிகழ்ச்சி, ஒரு குறும்படம், ஒரு செய்தி இதழ் காட்டச் சொல்லுங்கள். பிறகு கேண்டீனில் ஒரு மாணவரிடம் பேச்சுக் கொடுங்கள். விளம்பரக் கையேட்டில் இல்லாதது அங்கே கிடைக்கும்.

விரிவுரையாளர்களில் எத்தனை பேர் ஊடகத்தில் வேலை செய்தவர்கள்? தொழிற்பயிற்சிக்கு இடம் தேடித் தருவது கல்லூரியா, மாணவரேதான் அலைய வேண்டுமா? இவற்றையும் கேளுங்கள். பாடப் பட்டியலையும் வாங்கிப் படியுங்கள். மாஸ்கோம் என்பது ஒரு பெரிய குடை. அதன் கீழே இதழியல், ஒலிபரப்பு, விளம்பரம், பொதுத் தொடர்பு எல்லாம் உண்டு. இந்நாட்டில் தமிழ் வானொலி நிலையங்கள் ஒரு சிலதான். என்னோடு படித்தவர்களில் பெரும்பாலோர் வங்கி, மருத்துவமனை, விளம்பர நிறுவனம் என்று வேறு இடங்களில் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

பணம் ஒரு கவலை என்றால் தனியார் கல்லூரி மட்டுமே வழியல்ல. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவம் படித்து, ஒன்றரை ஆண்டில் மூன்று தவணைகளாக எஸ்.டி.பி.எம். எழுதலாம். நல்ல புள்ளி எடுத்தால் பினாங்கில் யு.எஸ்.எம்., பாங்கியில் யு.கே.எம்., தலைநகரில் மலாயாப் பல்கலைக்கழகம் என மூன்றிலும் ஊடகப் படிப்பு இருக்கிறது. போட்டி உண்டு, ஆனால் கட்டணச் சுமை வெகு குறைவு. பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடுதான் சேவைக் கட்டணம். ஆனாலும் கடன் கடன்தான். அதைக் கட்டப்போவது வேலைக்குப் போகும் உங்கள் பிள்ளை.

பிள்ளைகளுக்கு ஒன்று. என் பட்டப்படிப்பில் ஒரு பாடம்கூடத் தமிழில் இல்லை. இன்று எனக்குச் சோறு போடும் தமிழ், தமிழ்ப்பள்ளியிலும் எஸ்.பி.எம். தமிழ்த்தாளிலும் வந்தது. தமிழ் வானொலி உங்கள் கனவென்றால், கூடுதல் பாடம், சுமை என்று தமிழை விட்டுவிடாதீர்கள்.

அந்த அம்மா நேற்று மறுபடி அழைத்தார். மூவரும் நேரில் போய்ப் பார்த்தார்களாம். மகளே சாவியைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். "மூன்றாம் தவணைக்குப் பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. பணம் கட்டாமல் திரும்பிவிட்டார்கள். வேண்டாம் என்ற அப்பா இப்போது ஆறாம் படிவத்துக்கு எந்தப் பள்ளி பக்கம் என்று விசாரிக்கிறாராம்.

"ஆனா அவ உங்க மேல கோவமா இருக்கா தங்கச்சி. கூட்டாளிங்க எல்லாம் காலேஜ் போறாங்க, நான் மட்டும் மறுபடியும் யூனிஃபார்ம் போடணுமான்னு கேக்குறா."

நியாயமான கோபம். பதினேழு வயதில் நானாக இருந்தாலும் கோபப்பட்டிருப்பேன். ஒருநாள் நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். என்னைத் திட்டுவதாக இருந்தாலும் மைக் முன்னால் உட்கார்ந்தே திட்டட்டும்.