விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் பெரியோர் வாக்கு. இதைக் கேளாமல் வளர்ந்த மாணவி நம்மில் எவருமில்லை. பெரியோர் சொல்லை மறுப்பது சிறுமிக்கு அழகா என்று சிலர் கேட்கலாம். ஆயினும் ஒரு ரோஜாச் செடியின் வரலாறு என்னைப் பேசத் தூண்டுகிறது.

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்ற சிறு தீவு உள்ளது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட அத்தீவுக்குப் பிரான்சு அரச குலத்தின் பெயரால் முன்னர் பூர்போன் என்று பெயர். அங்கு நிலங்களைச் சுற்றி ரோஜாச் செடிகளையே வேலியாக வைப்பது அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. ஒன்று, அடுத்தடுத்துப் பூக்கும் சீனத்து ரோஜா. மற்றொன்று, பன்னீர் மணம் கமழும் டமாஸ்க் ரோஜா. வேலியில் இவை அருகருகே வளர்ந்ததால் இரண்டின் மகரந்தமும் கலந்து, ஒரு புதிய செடி முளைத்தது. இக்கலப்பை எந்த அறிஞரும் திட்டமிடவில்லை, இயற்கையே செய்தது.

பெரிஷோன் என்பவர் வேலிக்காக நாற்று நட்டபோது, ஒன்று மட்டும் தண்டிலும் இலையிலும் வேறுபட்டிருக்கக் கண்டார் என்று ஆங்கிலேய ரோஜா வளர்ப்பாளர் தாமஸ் ரிவர்ஸ் எழுதியுள்ளார். வேலிக்கு உதவாது என்று அதை வீசி எறிந்திருந்தால் கேட்பார் யார்? அவரோ அதைத் தம் தோட்டத்தில் நட்டுக் காத்திருந்தார். மறு ஆண்டு அது பூத்தது. அதுவரை எவரும் அறியாத புது இன ரோஜா அது!

1817-ல் தாவரவியல் தோட்டப் பொறுப்பேற்று அத்தீவுக்கு வந்த பிரேயோன் அதைக் கண்டு பெருக்கினார். 1819-ல் அதன் விதைகளைப் பாரிசுக்கு அருகில் நெய்யி என்ற ஊரில் ஆர்லியன்ஸ் பிரபுவின் தோட்டக்காரராக இருந்த ழாக்குக்கு அனுப்பினார். அவ்விதைகளிலிருந்து பிரான்சில் பூர்போன் ரோஜாக்கள் பிறந்தன. 1843-ல் 'சுவெனிர் த லா மல்மேசோன்', 1868-ல் முள் இல்லை என்றே சொல்லத்தக்க 'செஃபிரின் துரூவன்' என அக்குடும்பம் பெருகியது. இன்றைய ரோஜாக்கள் பலவற்றின் முன்னோர் வரிசையிலும் அதற்கு இடமுண்டு.

நம் நாட்டுக்கும் இவ்வினம் புதிதன்று. தமிழ்நாட்டில் மணத்துக்காகப் பயிரிடப்படும் எட்வர்டு ரோஜா பூர்போன் இனமே. ஒட்டுக் கட்டும்போது வேர்ச்செடியாகவும் அது பயன்படுகிறது. அப்போது மேலே சிரிக்கும் பூவைப் புகழ்கிறோம். மண்ணுக்குள் நின்று தாங்குவதை யார் நினைக்கிறோம்?

"வேறுபட்ட செடியை எல்லாம் காப்பாற்றினால் தோட்டம் காடாகிவிடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருக்க நான் சொல்லவில்லை. ஒரு முறை பூக்கும்வரை பொறுக்கவே சொல்கிறேன். பெரிஷோனுக்கு நாற்றில் தெரிந்தது வேறுபாடு மட்டுமே, பூ தெரியவில்லை. பூவைக் காட்டியது அவருடைய ஓராண்டுப் பொறுமை.

நாங்களும் நாற்றுப் பருவத்தில்தான் நிற்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், "இவளுக்குப் படிப்பு வராது, நிறுத்திவிடலாம்" என்ற பேச்சு சில வீடுகளில் எழும். கணக்கில் குறைந்த மதிப்பெண் பெற்றவளுக்குத் தையலிலோ, நோயாளிக்குப் பணிவிடை செய்வதிலோ, மொழியிலோ எத்தகைய திறமை ஒளிந்திருக்கிறது என்பதைப் பதினைந்து வயதில் யாரால் அறுதியிட்டுச் சொல்ல முடியும்? தம்பியின் படிப்புக்காக அக்காளின் படிப்பை நிறுத்துவதும், பூக்குமுன் செடியைப் பிடுங்குவதும் ஒன்றே.

தோழியரே, நமக்கும் இதில் பங்குண்டு. தனித்திருப்பவளையும், திக்கிப் பேசுபவளையும் கேலி செய்து ஒதுக்கும்போது நாமும் நாற்றைப் பிடுங்கி எறிபவர்களாகிறோம்.

இயற்கை ஒரு புதிய ரோஜாவை ஈன்றது. ஆனால் ஒரு மனிதர் அதற்குத் தம் தோட்டத்தில் இடம் தராதிருந்தால், அது வேலியோரக் குப்பையாகவே முடிந்திருக்கும். அன்புப் பெற்றோரே, உங்கள் மகளுக்கும் அந்த இடத்தைத் தாருங்கள். இன்னும் இரண்டு ஆண்டுகள் அவளைப் படிக்க விடுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு